பல்லி எச்சம் பொறுக்கித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பல்லி எச்சத்தில் கண்டெடுத்த எங்கள் புதிய பூஞ்சை இனத்தின் கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் நன்றி சொல்ல நான்கு வரிதான் இடம் கிடைத்தது. மனசு கேட்கவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில், எச்சம் சேகரித்தவர்கள். விடியற்காலையில் எறும்பு மொய்ப்பதற்குள் எழுந்து, ஒரு முனையில் வெள்ளைப் பொட்டுள்ள அந்தக் கருப்புத் துணுக்கை இடுக்கியால் எடுத்து, எந்தச் சுவர், எந்தத் தேதி என்று எழுதி அனுப்பினீர்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துக் கண்ட பூஞ்சையும் படரும், காகித உறையே போதும் என்று ஒருமுறைதான் சொன்னேன். ஓர் உறைகூடத் தவறவில்லை.

எச்சத்தைப் பெட்ரி தட்டு மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டுக் காத்திருப்போம். எங்கள் இனம் சேர்ந்த பசிடியோபோலஸ் பேரினத்துப் பூஞ்சைகள் வித்துகளைச் சுண்டி எறியும். அவை கீழே தட்டில் உள்ள அகர் என்ற வளர்ப்புக் கூழ் மீது விழுந்து முளைக்கும். மூன்றாம் நாள், எச்சத்துக்கு நேர் கீழே மாவு தூவியதுபோல ஒரு வெண்மை. அதை முதலில் கண்டது நான் இல்லை, ஆய்வகத்தில் தட்டு கழுவும் அக்கா. "இதைக் கழுவிடவா, வைக்கவா?" என்று கேட்டார். அப்புறம் சிற்றுண்ணி புகுந்து வளர்ப்புகள் கெட்டபோது, அவர் தனியே மூடி வைத்திருந்த இரண்டு குழாய்கள்தான் மிஞ்சின. இன்று இனப் பெயருக்குச் சான்றாக உலர்த்தி வைத்துள்ள மூலமாதிரி அதிலிருந்து வந்ததுதான். அக்கா, இந்த இனம் உங்களால் பிழைத்தது.

1886-ல் ஐடம் என்ற ஆய்வாளர் தவளையிலிருந்து விவரித்த பசிடியோபோலஸ் ரனாரம் இதற்கு நெருங்கிய உறவு. அதுவேதானோ என்ற சந்தேகம் எனக்குக் கடைசிவரை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வளர்ப்புகளை அனுப்பிய பூஞ்சைச் சேமிப்பகத்தாருக்கும், பறவை அலகு போன்ற இரட்டை முனையுள்ள இணைவித்துகளை (இரண்டு செல்கள் கூடி உருவாகும் வித்துகளை) இரவெல்லாம் அளந்த மாணவர்களுக்கும், டிஎன்ஏ வரிசையைச் சலிக்காமல் மூன்று முறை ஓட்டிய நண்பருக்கும் நன்றி.

2012-லிருந்து புதிய பூஞ்சை இனத்தின் விவரிப்பை ஆங்கிலத்திலேயே எழுதலாம். பெயர் மட்டும் லத்தீன் இலக்கணத்துக்கு உட்பட வேண்டும். பேரினப் பெயர் ஆண்பால் என்பதை மறந்து பெண்பால் விகுதி போட்டிருந்தேன். பூஞ்சைப் பெயர்களைப் பதிவு செய்யும் மைக்கோபேங்க் தளத்தில் பதிவு எண் வாங்குவதற்கு முன்பே அதைத் திருத்திக் கொடுத்த லத்தீன் ஆசிரியருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

நேற்று உங்களிடமிருந்து இன்னும் பதினொரு உறைகள் வந்தன. காலையில்தான் மூடிகளில் ஒட்டி வைத்தோம்.

அன்புடன்,
பூஞ்சை ஆய்வகத்திலிருந்து