அவனைப் பெற்ற தங்கச்சிக்கு

தங்கச்சி,

போன வாரம் அவனுக்கு 18 முடிந்தது. அவனை உன்னிடமிருந்து பிரித்து என்னிடம் வளர்க்கக் கொடுத்த நீதிமன்ற உத்தரவும் அதோடு முடிந்தது. இனி எங்கே இருப்பது என்று அவனே சொல்லலாம். சொல்லிவிட்டான். கொஞ்ச காலம் உன்னோடு இருந்து பார்க்க வேண்டுமாம். நானும் சரி என்றுவிட்டேன். இதைப் பொதுவில் எழுதுவது, நம்மைப் போல, பெற்றவளும் வளர்த்தவளுமாக இருக்கும் மற்றவர்களும் எங்காவது படிக்கட்டும் என்றுதான். அதனால் அவன் பெயர் இதில் வராது. அவன் வழக்குக் கோப்பில் இருப்பதும் வராது.

அந்த நீலச் சட்டையைப் பற்றி எழுதலாம் இல்லையா? நீ அவனைப் பார்க்க வரும் சந்திப்பு அறைக்குக் கொண்டுவந்தாயே. உன் வீட்டைவிட்டு வந்தபோது அவன் இருந்த அளவுக்கு வாங்கியிருந்தாய். அதற்குள் அவன் வளர்ந்துவிட்டான், பட்டன் பூட்ட முடியவில்லை. நீ அவன் தோளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். மூலையில் இருந்த சமூகப் பணியாளர் எதையோ குறித்துக்கொண்டார். அவன் அதைக் கழற்றவே இல்லை. அதோடுதான் தூங்கினான். மறுநாள் தட்டை வீசி எறிந்தான், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இப்படித்தான். என்னோடு சிரித்தால் உனக்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்ற பயம். வளர்ப்புப் பெற்றோருக்கான பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித் தந்தார்கள், தட்டு பறக்கும்போது எதுவும் ஞாபகம் வராது.

சந்திப்புகளை நிறுத்தச் சொல் என்றார்கள் எங்கள் வீட்டில். நான் சம்மதிக்கவில்லை. பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தை, அதன் நலனுக்குக் கேடில்லாதவரை, அவர்களோடு தொடர்ந்து பழகலாம் என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 9-ஆவது பிரிவில். அந்த உரிமை அவனுடையது. நீ வராத நாட்களில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததும் அதனால்தான். பஸ் கிடைக்கவில்லை என்று நீ சொல்லி அனுப்பிய பொய்யை, தலை வாரிக் காத்திருந்தவனிடம் நான்தானே சொல்ல வேண்டியிருந்தது.

மன்னித்துவிடு, பொய் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பஸ்ஸுக்குக் காசே இல்லாமல்கூட இருந்திருக்கலாம். வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகளில் இருக்கிறது. உன் விஷயத்தில் வறுமை மட்டும்தானா என்று பல இரவு யோசித்திருக்கிறேன். இல்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். ஆனால் அன்று உனக்குக் கைகொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அவன் என்னிடம் வந்தே இருக்க மாட்டான். அவன் வந்ததில் நான் சந்தோஷப்பட்டேனே, அதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். காய்ச்சலில் கிடந்தவன் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததற்கும், அவன் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டதற்கும் கேட்க மாட்டேன்.

தத்து எடுத்துக்கொள் என்றும் பலர் சொன்னார்கள். எடுத்திருந்தால் சட்டப்படி நீ அவனுக்கு அம்மா இல்லை என்று ஆகியிருக்கும். அவன் அதை விரும்பவில்லை. எனக்கு வலித்தது, ஆனாலும் அதற்குமேல் அவனை வற்புறுத்தவில்லை.

தடுப்பூசி அட்டை, சான்றிதழ்கள், ஆல்பம் எல்லாம் அவன் பையில் இருக்கின்றன. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் உன் படம்தான். யாராவது கத்தினால் இப்போதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். தட்டாதே. வெளியே உட்கார்ந்திரு, அவனே வருவான். இங்கே அவன் அறை அப்படியே இருக்கும், வீட்டுச் சாவியும் அவனிடம் இருக்கிறது. உன்னால் முடியவில்லை என்றால் அவனிடம் சாக்குச் சொல்லாதே. எனக்குச் சொல், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.