கம்பெனி ஆம்ப் உள்ள வண்டியில் புது செட்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“ஆண்ட்ராய்டு செட் ஒண்ணு மாட்டணும், எவ்வளவு ஆகும்?” என்று, டேஷ்போர்டில் மாட்டும் திரை வைத்த பாட்டு செட்டைப் பற்றிப் போனில் கேட்டால் நாங்கள் உடனே விலை சொல்வதில்லை. வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சாதாரண வண்டியில் ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், செட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு நேராக வயர் போகும். பொருத்தமான கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) வாங்கிச் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் செல்டோஸ், கிரெட்டா போன்ற வண்டிகளின் மேல் வேரியன்ட்டுகளில் போஸ் கம்பெனியின் ஆடியோ சிஸ்டம் வருகிறது. இப்படிப்பட்ட வண்டிகளில் ஆம்ப் தனி. வண்டியைப் பொறுத்து சீட்டுக்கு அடியிலோ, டிக்கி ஓரத்திலோ, டேஷ்போர்டுக்குப் பின்னாலோ இருக்கும். செட் அனுப்புவது சின்ன சிக்னல்தான். அதைப் பெருக்கி, கீச்சுச் சத்தம் தரும் ட்வீட்டருக்கு இது, கதவு ஸ்பீக்கருக்கு இது, கனத்த பேஸ் சத்தம் தரும் சப்-ஊஃபருக்கு இது என்று பிரித்துக் கொடுப்பது ஆம்ப்.

இந்த வண்டியில் புது செட்டை மாட்டியதும் பல நேரம் சத்தமே வராது. செட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஆம்ப் இன்னும் விழிக்கவில்லை, அவ்வளவுதான். அதை எழுப்ப 12 வோல்ட் போக வேண்டும். புது செட்டில் அதற்கென்றே நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் இருக்கும். சில வண்டிகளில் அந்த உத்தரவு வயரில் வோல்ட்டாகப் போகாமல் கேன் லைனில் (வண்டியின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர்) டேட்டாவாகப் போகும். செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய பிஎம்டபிள்யூ, பென்ஸ் வண்டிகள் பலவற்றில் பாட்டே ஒளியாக, ஆப்டிக் ஃபைபர் வழியாகப் போகிறது. அங்கே வயரை இணைக்க இடமே கிடையாது. அந்த மாடலுக்கென்று செய்த தனி மாட்யூல் வேண்டும்.

அப்புறம் இரைச்சல். செட்டின் ஸ்பீக்கர் வயரை அப்படியே ஆம்ப்பின் உள்வழியில் கொடுத்தால் சிக்னல் தேவைக்கு மேல் போகும். வால்யூம் 5 வைத்தாலே கத்தும், பாட்டு நின்ற பிறகும் ‘உஸ்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். செட்டின் பின்னால் சின்ன சிக்னல் தரும் ப்ரீ-அவுட்டில் இருந்து எடுக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்துக் குறைக்க வேண்டும். எர்த் சரியில்லை என்றால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஒரு விசில் ஏறிக்கொண்டே போகும். இதைவிட மோசமான ஒன்று உண்டு: செட்டின் ஸ்பீக்கர் மைனஸை பாடி எர்த்தில் கொடுப்பது. அந்த மைனஸ் எர்த் கிடையாது. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். எர்த்தில் தொட்டால் செட்டுக்குள் இருக்கும் ஐசி (சிப்) போய்விடலாம்.

“ஆம்ப்பைக் கழற்றிட்டு நேரா கொடுத்துடுங்க” என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கம்பெனி ஆம்ப்போடு வரும் ஸ்பீக்கர்கள் பல 2 ஓம். புது செட்டுகள் பெரும்பாலும் 4 ஓமுக்குச் செய்தவை. ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை. அது குறைந்தால் செட் அதிக கரண்ட் கொடுக்க வேண்டிவரும், சூடேறி நடுவில் நின்றுவிடும். பிரித்துக் கொடுக்க ஆளில்லாததால் ட்வீட்டருக்கு பேஸும் சேர்ந்து போய் அது எரியும், சப்-ஊஃபர் ஊமையாகிவிடும். புது செட்டின் பெட்டியில் 50 வாட்ஸ் இன்டூ 4 என்று போட்டிருப்பது உச்ச கணக்கு. தொடர்ந்து கிடைப்பது சேனலுக்குச் சுமார் 20 வாட்ஸ்தான். ஆம்ப்பை எடுப்பதென்றால் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாமே சேர்த்து மாற்ற வேண்டும். செலவு கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

சில வண்டிகளில் சீட் பெல்ட் மணியும் பார்க்கிங் சென்சார் சத்தமும் இதே ஸ்பீக்கரில்தான் வரும். டேஷ்போர்டை மூடுவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டுவோம். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

கம்பெனி கப்ளரை நாங்கள் வெட்டுவதில்லை. வெட்டினால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும், வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டவும் முடியாது. வயரை முறுக்கி டேப் சுற்றுவதும் இல்லை. சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கி, துணி டேப்பால் கட்டுகிறோம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டியில் தொங்கும் வயர் எதிலாவது உரசாமல் இருக்காது. சீட்டுக்கு அடியில் ஆம்ப் இருந்தால் சீட் நகரும் தண்டவாளத்தில் வயர் சிக்குகிறதா என்று முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மலையில் மழைக்கு நனைந்த செருப்போடு ஏறினால், சீட்டுக்கு அடியில் உள்ள ஆம்ப்பில் ஈரம் படாதபடி கார்ப்பெட்டைக் காயவிடுங்கள்.

மேப்பும் போனும் மட்டும்தான் தேவை, பழைய செட்டிலேயே வயர் மூலம் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் மேப்பையும் பாட்டையும் செட்டின் திரையில் காட்டும் வசதி) வருகிறது என்றால், ஒரு சின்ன வயர்லெஸ் அடாப்டர் போதும். செட்டை மாற்றவே வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஏசி, வண்டி செட்டிங் எல்லாம் திரைக்குள்ளேயே இருக்கும் புது மாடல்களில் நாங்கள் கை வைப்பதில்லை.

வரும்போது ஆர்சியும், வேரியன்ட் பெயரும், முன்பு யாராவது வயரிங் செய்திருந்தால் அந்த விவரமும் கொண்டுவாருங்கள். கதவு ஸ்பீக்கர் வலையில் பிராண்டு பெயர் இருந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள். ஆனால் பெயர் இருப்பதாலேயே ஆம்ப் இருக்கிறது என்று ஆகாது. ஃபியூஸ் பெட்டியையும் வயரையும் பார்த்துத்தான் முடிவு செய்வோம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆம்ப் உள்ள வண்டியைக் காலையிலேயே விட்டால் நிதானமாகச் செய்து சாயங்காலம் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
கடைப் பணியாளர்கள்,
சேலம்.