தடியும் துண்டும் போதும், கட்டத் தெரிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் பற்றிய தங்கள் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். காலணி, முதுகுப்பை, கூடாரம் என எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். முதலுதவிக்கு மட்டும் ஒரே வரி: ‘முதலுதவிப் பெட்டியை மறக்காதீர்கள்.’ அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்த எனக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சென்ற ஆண்டு மாசியில் கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும்போது, ஓர் இளைஞர் கால் பிசகிப் படியில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது, ஊன்ற முடியவில்லை. நண்பர்களிடம் புத்தம்புது முதலுதவிப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் பஞ்சு, டிங்சர், கத்தரிக்கோல், கை நிறையச் சின்னப் பிளாஸ்டர்கள். சுளுக்குக்குச் சுற்றும் இழுவைத் துணிக்கட்டான கிரேப் பேண்டேஜ் இல்லை. ஒருவர் அதற்குள் காலை நீவிவிடத் தொடங்கியிருந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். உடைந்து கிடந்த மூங்கில் தடியை இரண்டாக்கி, துணி சுற்றி, காலின் இருபுறமும் வைத்து, தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டினோம். கட்டிய பிறகு கால் நகத்தை அழுத்தி, வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள். பிறகு மாறி மாறித் தூக்கி இறக்கினோம். எலும்பில் விரிசல் இருந்ததாக எக்ஸ்ரே எடுத்தபின் சொன்னார்கள். தொடர்ந்து நீவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

பை கனக்குமே என்று யாரும் தயங்க வேண்டாம். இரண்டு கிரேப் பேண்டேஜ், காயத்தை மூடும் காஸ் துணி, பேப்பர் பிளாஸ்டர் ஒரு சுருள், கையைத் தொங்கவிட்டுக் கட்ட முக்கோணத் துணி ஒன்று, நீரிழப்புக்கான உப்பு-சர்க்கரைப் பொடி (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் மூன்று, பாராசிட்டமால், ஒரு சோடி கையுறை, ஒரு விசில். என் பையில் இருப்பது இவ்வளவுதான். சமையலறைத் தராசில் 300 கிராமைத் தொடவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் தங்கள் மருந்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. 1 லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடிப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். உப்பு இரட்டிப்பாகி உடலுக்குக் கெடுதலே செய்யும்.

பாம்புக்கடிக்குப் பெட்டியில் வைக்கும் மருந்து எதுவும் கிடையாது. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது மூன்றுமே தீங்கு. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அந்தக் காலையோ கையையோ அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இங்கும் வேலை செய்வது அதே தடியும் துண்டும்தான்.

2024 கோடையில் வெள்ளியங்கிரி ஏறும்போது மயங்கி விழுந்து பக்தர்கள் சிலர் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறும்போது நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். ‘உச்சி பக்கம்தான், வா’ என்று தயவுசெய்து யாரும் இழுக்காதீர்கள். பேச்சுமூச்சில்லாமல் விழுந்தவருக்கு நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மையை வைத்து ஒருமுறையாவது கையால் செய்து பழக வேண்டும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீ பல உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கியது. மகிழ்ச்சியான செய்தி. பாதையில் கால் வைக்கும் முன் குழுவுக்கு அரை மணி நேரம் கட்டுப் போடுவதையும் நெஞ்சை அழுத்துவதையும் கையால் செய்ய வைத்த பிறகே அனுப்ப வேண்டும் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழும் வரும் பிப்ரவரியில் வெள்ளியங்கிரி திறக்கும் முன் கிரேப் பேண்டேஜ் சுற்றும் முறையைப் படங்களோடு ஒரு பக்கம் வெளியிட வேண்டும். படம் பிடிக்க என் காலையே நீட்டத் தயாராக இருக்கிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், பொள்ளாச்சி