மொகல் தெருவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்

யாங்கோன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேச உட்கார்ந்தால் பிள்ளைகள் குறுக்கே வந்துவிடுகிறார்கள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் எழுதுகிறேன் என்று சொன்னேனே, அது இப்போது வளர்ந்துவிட்டது. ஒரு பக்கம் அப்பா கையால் வரைந்த தெருப் படம். மறுபக்கம் ஆறு இடங்களைப் பற்றி நாலைந்து வரி. பான்சோடான் படகுத்துறையில் தொடங்கி, காளி கோயிலில் முடியும். கூட யாரும் வந்து விளக்கமாட்டார்கள். பெற்றோர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு தாங்களாகவே நடக்க வேண்டும். பிள்ளை ஓரிடத்தில் நின்றுவிட்டால் கூடவே நிற்கலாம். பசித்தால் சமூசா வாங்கித் தின்றுவிட்டுப் போகலாம்.

2012இல் தொடங்கிய யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை பழைய கட்டடங்களில் நீலப் பலகை பதித்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது பர்மியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. 1931 கணக்கெடுப்பில், ரங்கூன் என்றிருந்த இந்த ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அதில் நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்கள் நடந்த தெருவைப் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டாமா?

தாளின் அடியில் 'தப்பு இருந்தால் சொல்லுங்கள், தெரிந்ததை எழுதுங்கள்' என்று போட்டு, கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். மூன்று வாரத்தில் நிறைந்துவிட்டது.

எழுத்து பொடியாக இருக்கிறது, கக்கூஸ் எங்கே என்று போடவில்லை, நடைபாதை உடைந்து கிடக்கிறது, தள்ளுவண்டி போகாது. இதெல்லாம் தாய்மார்கள் சொன்னது. திருத்திவிட்டேன். காலை ஏழு மணிக்கே கிளம்பச் சொல்லியும் எழுதிவிட்டேன், வெயில் ஏறினால் பிள்ளைகள் சிணுங்கும்.

அப்புறம் பெயர். ஷ்வே பொந்தா தெரு என்று இன்றைய பெயரை மட்டும் எழுதியிருந்தேன். ஒரு பெரியவர் பக்கம் நிறைய எழுதிவிட்டார். தன் தகப்பனார் ஊருக்குப் போட்ட கடிதங்களில் எல்லாம் மொகல் தெரு, பிரேசர் தெரு என்றுதான் இருக்கிறதாம். அந்தப் பெயர் இல்லாவிட்டால் பேரன் எப்படித் தேடுவான் என்று கேட்டிருந்தார். நியாயம்தானே! இப்போது இரண்டு பெயரும் இருக்கிறது. ஷ்வே பொந்தா தெருவின் பழைய பெயர் மொகல் தெரு, அனவ்ரதா சாலைக்குப் பிரேசர் தெரு, மகா பண்டுலா சாலைக்கு டல்ஹவுசி தெரு.

மொகல் தெருவில் வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களின் தொழிற்கூடங்கள், அந்தக் கிட்டங்கிகள், வரிசையாக இருந்ததைப் பெருமையாக எழுதியிருந்தேன். அதோடு, 1930க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்குக் கொடுத்தவர்கள் கைக்குப் போனதையும் எழுதினேன். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி வயல் அவர்கள் கையில் சேர்ந்திருந்தது. அதை எடுத்துவிடுங்கள், நம்மைப் பற்றி நாமே ஏன் எழுத வேண்டும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் எடுக்கவில்லை. நம் பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைக்கும் தாத்தா இருந்தாரே. தப்பைத் திருத்தத்தான் நோட்டு வைத்தேன், உண்மையை அழிக்க அல்ல.

என்னை உலுக்கியது வேறு. தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்று ஒரு பாட்டி. எழுதத் தெரியாது என்று பேத்தியைக் கூட்டிவந்து எழுதச் சொன்னார்: 'முதலாளி வீடெல்லாம் போட்டிருக்கீங்க. மூட்டை தூக்கினவங்க எங்கே படுத்தாங்கன்னு போடலியே.' எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கூலிகள் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் வேலைக்குப் போக ஒருவர் வந்து படுத்த விடுதிகள் அந்தத் தெருக்களில்தானே இருந்தன. இத்தனை வருஷம் அந்த வழியாக நடக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பார். இப்போது படகுத்துறைக்கு அடுத்த வரியே அதுதான்.

இன்னொருவர் நோட்டில் எழுதவில்லை, நேரே வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய நூறு கியாட் பண நோட்டு. மடிப்பு விழுந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்து, ஓரத்தில் மஞ்சள் கறை. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்றார்கள். அவருடைய அப்பா இந்த ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டாராம். கப்பல் ஏறிப் போனவர்களின் கதை நமக்குத் தெரியும், சென்னையில் பர்மா பஜாரே அவர்களால் வந்ததுதான். போகாமல் இங்கேயே இருந்தவர்களின் கதையைத்தான் யாரும் கேட்பதில்லை. உன் தாத்தாவும் அப்படி இருந்தவர். அன்று கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்து மடித்து வைத்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை என்று உன் பாட்டி சொல்லுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷம் இந்தத் தாளில் உள்ள தெருக்கள் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாய். 26ஆம் தெருவில் யூதர் கோயில், நூறு வருஷத்துக்கும் பழையது, அதன் வாசலில் நின்று என்னவோ எண்ணுவாயே, என்ன அது? எங்கே பயப்படுவாய், எங்கே ஐஸ் வாங்குவாய்? என் தாளில் பெரியவர்கள் சொன்னதுதான் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளையாக நடந்தவர் சொன்னது ஒன்றுகூட இல்லை. மொகல் தெருவுக்குப் பக்கத்தில் நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.

டிசம்பரில் வரும்போது மாப்பிள்ளையும் நீயும் பிள்ளைகளோடு நடந்துவிட்டு வாருங்கள். நான் கூட வரமாட்டேன், காளி கோயில் வாசலில் காத்திருக்கிறேன். 1871இல் நம்மவர்கள் கட்டிய கோயில் என்று பெரியவன் வாசித்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் எழுதி அனுப்பு.

உன் அம்மா