துவிச்சக்கரவண்டிப் பயணச் சங்கம்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்துள்ள அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வட்ஸ்அப்பில் போய்ச் சேரும். அவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் முடிந்தவரை நடந்தன. ஜனவரி வெள்ளத்தால் பாசிக்குடா ஓட்டம் மாசிக்குத் தள்ளிப்போனது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தாகசாந்தி வழங்கினோம். பாடசாலைப் பிள்ளைகளுக்கான பஞ்சர் ஒட்டும் பயிற்சி ஒரு சனிக்கிழமை நடந்தது. பிள்ளைகள் வந்தார்கள், பயிற்றுவிக்க ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் வந்தார்.

இனி, மட்டக்களப்பு–பொத்துவில் சைக்கிள் பயணத்துக்காக நான் தயாரித்த வழிப்படம். இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று கூட்டத்துக்கு வெளியே சிலர் கேட்பதாக அறிந்தேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பிரதான வீதியில் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அந்த வீதிக்குப் படம் தேவையில்லை. கடல் இடது கைப் பக்கம் இருக்கும்வரை நீங்கள் சரியான திசையில்தான் போகிறீர்கள். ஆனால் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று ஒவ்வொரு கடைத்தெருவிலும் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே சைக்கிளை ஓட்டுவது பயணம் ஆகாது. அதனால்தான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வழியை எடுத்தேன். காந்தி பூங்காவில் தொடங்கி, வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர், நாவிதன்வெளி. அங்கிருந்து கிட்டங்கியால் கல்முனைக்கு இறங்கி, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில். தூரம் கூடும்தான். ஆனால் பாதி வழி வயலும் வாவியும்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களை அடிப்படையாக வைத்தேன். அதில் இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். விரலை வைத்தே தூரம் பார்க்கலாம். குளம், வாய்க்கால், வயல் வரம்பு எல்லாம் அதில் துல்லியம். ஆனால் என்னிடமுள்ள தாள் பழையது. 2014இல் திறந்த மண்முனைப் பாலம் அதில் இல்லை. புதிய வீதிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஒப்பிட்டுக் கொப்பியில் குறித்து, பிறகு ஒவ்வொரு சந்தியையும் நேரில் போய்ப் பார்த்தேன். திருப்பங்களை வரிசையாக எழுதிய துண்டு ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். அதை ஹாண்டிலில் கட்டிக்கொள்ளலாம். தெருப் பலகையை நம்பி எதையும் எழுதவில்லை. பலகை விழும், கோயிலும் அரிசி ஆலையும் நிற்கும்.

‘கையில் போன் இருக்கும்போது படம் எதற்கு’ என்று கேட்ட தம்பிமாருக்கு ஒரு பதில். போன் கிட்டங்கித் தாம்போதியை, அதாவது மாரியில் தண்ணீர் மேலால் ஓடும் தாழ்வான வீதியை, கோடாகக் காட்டும். அதன் மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடுவதைக் காட்டாது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஓடுவதைக் காட்டும். காற்று கடுமையானால் அது கரையிலேயே நிற்கும் என்று சொல்லாது. என் படத்தில் இவை சிவப்பில் இருக்கின்றன, மாற்றுவழியோடு. கிட்டங்கி மூடினால் மண்டூரில் பாதை ஏறிக் குருமண்வெளிக்குப் போகவும். பாதையும் நின்றால் வந்த வழியே வெல்லாவெளிப் பக்கம் திரும்பி, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரவும். நேரம் போகும், ஆள் வீடு வந்து சேருவார். மாரிகாலத்துக்கு சம்மாந்துறை–காரைதீவு வீதியை மாற்றுவழியாக எழுதவே இல்லை. நவம்பர் 26 அன்று அந்த வீதியிலுள்ள மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துப்போன மாணவர்களை இங்கே எல்லோரும் அறிவோம். தண்ணீர் ஓடும் தாம்போதியில் சங்கத்தின் பெயரில் யாரும் இறங்கக் கூடாது என்று கடந்த கூட்டத்தில் நான் கொண்டுவந்த தீர்மானம், வந்தவர் தொகை போதாததால் நிறைவேறவில்லை. இன்று மீண்டும் முன்வைக்கிறேன்.

வெல்லாவெளிப் பக்கம் விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் ஓட வேண்டாம், யானை. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்தில் வயல்வெளியில் ஒதுக்கே கிடையாது, இரண்டு போத்தல் தண்ணீராவது வேண்டும். வழியைப் பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைக்கும் உகந்தைக்கும் நீட்டச் சொன்னவர்கள் முதலில் மண்டூர் வரையாவது ஓடிக் காட்டட்டும்.

படத்தை அச்சிட்ட அச்சகம் ஓரத்தை வெட்டியதில் அளவுகோல் பாதி போய்விட்டது. பேசிப் பார்த்தோம், பயனில்லை. பேனையால் போட்டுத் தருகிறேன்.

செப்டெம்பரில் முழு வழி ஓட்டம் அறிவித்தபோது குழுவில் கைதூக்கிய படங்கள் நிறைய விழுந்தன. காலை ஐந்தரைக்குக் காந்தி பூங்காவில் நின்றவர்கள் நாலைந்து பேர். சங்கம் 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் தொடங்கியது என்பதை மறக்கவில்லை. பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் கோடிப்புறத்துக்குப் போய்விட்டன. அது அவரவர் விருப்பம். ஆனால் சந்தாவும் கூடவே கோடிப்புறத்துக்குப் போக வேண்டியதில்லை. மாதம் 100 ரூபா, ஒரு பிளேன்ரியும் வடையும் போல. நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. அச்சுச் செலவில் ஒரு பகுதி இன்னும் என் கையிலிருந்து போனதாகவே நிற்கிறது, அவசரமில்லை. விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்தினருக்கும், தேநீர் வழங்கிய மகளிர் குழுவினருக்கும், வழியில் காசு வாங்காமல் ரியூப் ஒட்டித் தந்த கொக்கட்டிச்சோலைக் கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வெள்ளம் வடிந்ததும் வழியை மறுபடி ஓடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் ஏதாவது ஒரு மதகு உடைந்திருக்கும், எங்காவது கிறவல் வீதி காப்பற் ஆகியிருக்கும். திருத்தாவிட்டால் இரண்டு வருடத்தில் இந்தப் படமும் என் பழைய தாள் மாதிரி ஆகிவிடும். தனியாளாக இதைச் செய்ய என் முழங்கால் இனி ஒத்துழைக்காது. வவுணதீவு முதல் பழுகாமம் வரை ஒருவர், மண்டூரிலிருந்து கல்முனை வரை ஒருவர், தெற்கே ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தாள்கள், கொப்பி, போனில் வழியைக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பு எல்லாவற்றையும் அன்றே ஒப்படைப்பேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் கதவருகே என்னைச் சந்திக்கலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேதான் இருப்பார்.

செயலாளர்