உமது கையெழுத்துப் பிரதியை வாசித்த பின்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதமும் அதனுடன் அனுப்பிய, உமது சிறுவயது ஊர்வாழ்க்கை பற்றிய புதிய நூலின் கையெழுத்துப் பிரதியும் ரொறன்ரோவிலிருந்து வந்த உமது மருமகன் கையால் சென்ற கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். மாரி தொடங்கியதும் மனைவிக்கு முழங்கால் நோவு கொஞ்சம் கூடியிருக்கிறது. வைத்தியசாலைக்குப் போய் வருகிறோம். ஊர் வாசிகசாலைக்கு இந்த வருடம் புதுக் கூரை போட்டுவிட்டார்கள். பின்னேரங்களில் நான் அங்கேதான் இருக்கிறேன். உமது பிரதியின் பெரும்பகுதியையும் அங்கேயே வைத்து வாசித்தேன்.

முதல் நூலின் வெளியீட்டு விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது, கொண்டுபோன பிரதிகள் அத்தனையும் போய்விட்டன, ஆனால் வாசித்தேன் என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை என்று மனம் வருந்தி எழுதியிருந்தீர். இரண்டாவது நூலையாவது கடைசிப் பக்கம் வரை வாசிக்க வைப்பதற்கு என்ன வழி, தலைப்புகளைக் கவர்ச்சியாக மாற்றுவதா, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திருப்பம் வைப்பதா என்றும் கேட்டிருந்தீர். இதைப் பற்றி நான் பல காலமாக யோசித்து வந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெளியீட்டு விழா. இங்கும் அங்கும் அதன் ஒழுங்கு ஒன்றுதான். மங்கல விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள், முதற்பிரதி, பிறகு சிறப்புப் பிரதிகள், ஒவ்வொருவர் கையிலும் பணம் வைத்த ஒரு என்வலப். அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் நூல்களிற் பல அச்சேறியே இருக்கமாட்டா. ஆயினும் என்வலப் கொடுத்தவர் உம்மீது வைத்த அன்புக்கும் உமது குடும்பத்தின் மீது வைத்த மரியாதைக்குமாகவே அதைக் கொடுத்தார். அவர் இன்னும் வாசகர் ஆகவில்லை. வீட்டுக்குப் போய், ஒரு நாள் இரவு, வேறு வேலை இல்லாமல் முதற்பக்கத்தைப் புரட்டும்போதுதான் அவர் வாசகர் ஆகிறார். அந்த வேளையில் உமக்காகப் பரிந்து பேச அணிந்துரை எழுதியவராலும் முடியாது. எல்லா நூலையும் ஒரே சொற்களாற் புகழும் அணிந்துரைகளை எங்கள் வாசகர்கள் நெடுங்காலமாகவே தாண்டிச் சென்று பழகிவிட்டார்கள்.

அப்படிப் புரட்டும் வாசகர் முதலில் என்ன செய்கிறார்? தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயத்தில் எழுதியவரைச் சோதித்துப் பார்க்கிறார். தெரிந்தே செய்கிறார் என்று சொல்ல வரவில்லை; அது தானாக நடக்கிறது. எங்கள் வாசிகசாலைக்கு வரும் பெரியவர் ஒருவர் மயிலிட்டியிற் கடற்றொழில் செய்தவர், 1990இல் இடம்பெயர்ந்து வந்து இந்தப் பக்கத்தில் தங்கிவிட்டவர். சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுகதையை வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் சஞ்சிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டார். என்ன என்று கேட்டேன். மார்கழி மாதத்திற் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீச வள்ளம் கரை திரும்புவதாகக் கதையில் எழுதியிருந்தது. மார்கழியில் எங்கள் கடலில் வாடைதான் வீசும் என்பதும், சோளகம் வைகாசிக்குப் பிறகு வருவது என்பதும் அந்தக் கரையிற் பிறந்த சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையில் மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய் ஒருத்தி வருகிறாள். அவளுடைய துயரம் உண்மையாகவே நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் பெரியவர், "காத்தையே தெரியாதவருக்கு அந்த மனுசியின்ர கவலை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். நான் அவரோடு வாதாடவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காற்றின் திசை வாசகர் சரிபார்க்கக்கூடிய விடயம். தாயின் மனம் அவர் சரிபார்க்க முடியாத விடயம். முதலாவதைக் கொண்டுதான் இரண்டாவதை நம்புவதா விடுவதா என்று அவர் தீர்மானிக்கிறார்.

இனி உமது பிரதிக்கு வருகிறேன். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் துலாவை மிதிக்கும் பகுதியை நான் அந்தப் பெரியவருக்கும் வேறு இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். விடியப்புறத்தில் உமது தகப்பனார் துலாவில் ஏறி நடக்க, உமது பெரியப்பா கிணற்றடியில் நீர் அள்ளும் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, நீர் சிறுவனாக வாய்க்கால் வரம்பை வெட்டி மறித்துப் புகையிலைக்குத் தண்ணீர் மாறிய அந்தக் காட்சியில் ஒரு பெருமைச் சொல்லும் இல்லை, ஒரு பெருமூச்சும் இல்லை. துலாவில் நடக்கிறவர் எந்த இடத்தில் நின்று திரும்ப வேண்டும், பட்டை தண்ணீரில் விழும் சத்தத்தைக் கேட்டு அவர் எப்படி அடி எடுத்து வைப்பார், ஒரு பாத்தி நிறையும் நேரத்தைத் தவறவிட்டால் சிறுவனுக்கு என்ன ஏச்சு விழும் என்று மட்டுமே சொல்லியிருக்கிறீர். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இளவயதில் துலா மிதித்தவர். அவர் இடையில் ஒரு தடவைகூடத் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வாசித்து முடிந்ததும், தோட்டம் முழுவதும் இறைத்து முடிந்ததா என்று கேட்டார். கதைக்குள் இருந்துகொண்டு கேட்ட கேள்வி அது. அதற்கு மேல் ஒரு திருப்பமும் உமக்கு வேண்டியதில்லை.

ஆனால் அதையடுத்து வரும் அத்தியாயத்தில் உமது எழுத்து மாறிவிடுகிறது. "அந்தக் காலத்து மக்கள் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகளாக வாழ்ந்தார்கள்" என்று தொடங்கி, பண்பு, விருந்தோம்பல், ஒற்றுமை என்று பல பக்கங்கள் போகின்றன. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. மரணக்கிரியையான அந்தியேட்டி அன்று கையில் தரும் அந்தச் சிறு நூல்களை நீரும் நானும் எத்தனையோ வாசித்திருக்கிறோம். இறந்தவர் யாராயினும் அதே கொடையும் அதே சாந்தமும் அதே நற்குணமும் வெண்பாவாகவும் விருத்தமாகவும் அதில் வரும். பாட்டுக்கு உரியவரை நன்றாக அறிந்த இருநூறு பேர் பந்தலில் இருந்து அதைப் புரட்டுகிறார்கள். ஒருவரும் அந்தப் பக்கங்களில் தரித்து நிற்பதில்லை. அதே கல்வெட்டில், அவர் தபாற்கந்தோரில் வேலை செய்த காலத்தில் எழுத்தறியாத கிழவிகளுக்குப் பிள்ளைகளின் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டே சைக்கிளை எடுப்பார் என்று பேரப்பிள்ளை ஒருத்தி எழுதிய நாலு வரி இருந்தால், அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்கள், உரத்து வாசிப்பார்கள். இறந்தவரை அறிந்தவர்களுக்கு முன்னால் எழுதுவதைவிடக் கடினமான சோதனை எழுதுகிறவருக்கு இல்லை. உமது நூலை வாசிக்கப் போகிறவர்களும் அந்தக் காலத்தை அறிந்தவர்களே.

இதைவிடப் பாரதூரமான ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். துலா நின்ற அந்தக் கிணற்றில் சாதி பார்த்து எல்லோரையும் தண்ணீர் அள்ள விடவில்லை என்பது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டத்தில் எங்களோடு வெயிலில் நின்று வேலை செய்தவர்கள், குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது அள்ளி ஊற்றும்வரை தள்ளி நின்றார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்கு அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நுழைவுப் போராட்டத்தில் நடந்தவை நீர் ஊரில் இருந்த காலத்தில் நடந்தவை. உமது நூல் அந்த ஆண்டுகளைப் பற்றியது, ஆனால் இதைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. தள்ளி நின்றவரின் மகனோ பேத்தியோ இன்று உமது வாசகர். ஒரு தாய் பிள்ளைகள் என்ற வரியை வாசித்ததும் அவர்கள் நூலை மூடிவிடுவார்கள். அதற்கு முன் நீர் உண்மையாகவே எழுதிய துலாப் பகுதியையும் அவர்கள் பிறகு நம்பமாட்டார்கள். உமது மனதில் தீமை இல்லை என்பது எனக்குத் தெரியும். அது நூலைக் கையில் எடுப்பவருக்குத் தெரிய வழி இல்லை. உமக்கு அன்று என்ன தெரிந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள், கேட்க நினைத்துக் கேளாமல் விட்டது என்ன என்பதை, துலாவை எழுதிய அதே நிதானத்தோடு எழுதும். கண்டனமும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம்.

கவர்ச்சியான தலைப்புப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தலைப்பு வாக்களித்தது உள்ளே இல்லாவிட்டால் வாசகர் ஒரு முறை ஏமாறுவார், அவ்வளவுதான்.

ஓர் எழுத்தாளரின் பெயரைக் கேட்டதும் வாசகர் நம்பிக்கையோடு நூலை வாங்கும் நிலை எங்கள் ஊருக்குப் புதியதல்ல. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்த பிறகும், "நாவலர் பதிப்பு" என்றால் அச்சுப்பிழை இல்லாத பதிப்பு என்ற எண்ணம் தமிழ் படித்தவர்களிடையே நிலைத்திருந்தது. அது விளம்பரத்தால் வந்த பெயர் அல்ல. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திய உழைப்பால் வந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சம்பாதித்த நம்பிக்கை இன்னொரு வகையானது, எனக்கு அதுவே அதிகம் பிடித்தது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கையில் எடுத்தால் ஓரம் உதிர்கிற, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிற ஏடுகளோடு தாம் பட்ட பாட்டை அவர் முன்னுரையில் வாசகருக்கு அப்படியே எடுத்துச் சொன்னார். தாம் என்ன நிலையில் இருந்த ஏட்டை வைத்துக்கொண்டு பதிப்பித்தார் என்பதை மறைக்காதவர், இன்னோர் இடத்தில் உறுதியாக ஒன்றைச் சொல்லும்போது அந்த உறுதிக்கு எடை கூடுகிறது. உமது நூலிலும் பெரியப்பா சொல்லக் கேட்டது எது, நீர் கண்ணாற் கண்டது எது என்று பிரித்துக் காட்டும். சிறுவனாக இருந்த உமக்கு விளங்காதவை எவையோ அவற்றை விளங்காதவையாகவே விடும்.

போரினாற் பொருளாதாரத் தடை இருந்த அந்தத் தொண்ணூறுகளின் முதற்பாதியை நீர் இங்கு இருந்து பார்க்கவில்லை. அச்சுத்தாள் வராததால் பத்திரிகைகளைக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சிட்டார்கள். எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே கண்ணை ஓட்டி, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் வாசித்தோம். வானொலிக்கு மின்கலம் இல்லை. சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்போம். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். அத்தனை பாடுபட்டு எதற்காகக் கேட்டோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். இராணுவம் இப்படிச் சொல்கிறது, புலிகள் இப்படிச் சொல்கிறார்கள் என்று, எதை யார் சொன்னார் என்பதைப் பிரித்துச் சொன்னார்கள். ஊரில் உலாவிய வதந்திகளுக்கு நடுவே எங்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. மனிதர்களுக்கு வாசிக்கவும் கேட்கவும் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால், பெடல் சுற்றிய அந்தக் கைகளைக் கண்ட நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டொமினிக் ஜீவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சலூனில் முடிவெட்டிக்கொண்டே எழுதியவர், 1966 ஆகஸ்டில் மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி, அச்சான இதழ்களைத் தாமே கையிற் சுமந்து வீதியில் விற்றார். போரும் இடப்பெயர்வும் இடையில் வந்தபோதும், பின்னர் கொழும்புக்குப் போன பிறகும், நானூறு இதழ்கள் வரை அதைக் கொண்டுசென்றார். தாம் விற்ற இதழைப் பற்றி வாங்கியவரிடமே அடுத்த மாதம் கேட்கக்கூடிய நிலையில் இருந்த ஆசிரியர் அவர். நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவரிடமும் அடுத்த இதழை நீட்டினார். உமக்கு இன்றைக்கு வீதியில் நின்று விற்கும் தேவை இல்லை. ஆனால் முதல் நூலை வாங்கியவர்களில் ஐந்தாறு பேரையாவது நேரில் கண்டு, எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினீர்கள் என்று கேளும். எப்படி இருந்தது என்று கேட்டால் நல்லாயிருந்தது என்றுதான் சொல்வார்கள். நிறுத்திய பக்கத்தைக் கேட்டால் உண்மை வரும்.

உமது மருமகன் தைப்பொங்கல் முடிந்து திரும்புவதாகச் சொல்கிறார். அதற்குள் பிரதியின் ஓரங்களில் என் குறிப்புகளை எழுதி அவர் கையிற் கொடுத்துவிடுகிறேன். புகையிலைக்குப் புகை போடும் குடில் பற்றிய பக்கங்களைத் தோட்டம் செய்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவதற்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தேங்காய்ப் பொச்சு மட்டை அடுக்கும் முறை பற்றி அவர் ஏதோ சொல்ல வேண்டும் என்றார். கிணற்றைப் பற்றிய அத்தியாயத்தைத் திருத்தி எழுதினால், நூல் அச்சுக்குப் போகும்வரை காத்திராமல் அதை மட்டும் முதலில் எனக்கு அனுப்பி வையும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்