பணத்தை ஒழிக்கச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

பணமே இல்லாமல் ஒரு சமூகம் இயங்க முடியும் என்று விடாமல் எழுதுகிறீர்கள், பேசுகிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. மருந்து அலமாரியில் இருக்கிறது, நோயாளி வாசலில் நிற்கிறார், நடுவில் காசு இல்லை என்ற ஒரே காரணம் நிற்கிறது. இதைப் பார்த்துக் கொதிக்காதவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் பணத்தை ஒழித்தபிறகு அது செய்துவந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வியை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதியில் எல்லோரும் பண்டமாற்று செய்து திண்டாடினார்கள், அதனால் பணம் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கதைக்குச் சான்று கிடையாது. முழுக்கப் பண்டமாற்றிலேயே ஓடிய பொருளாதாரம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று மானுடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி 1985இலேயே எழுதிவிட்டார். கூடி வாழ்ந்தவர்கள் கொடுத்தார்கள், வாங்கினார்கள், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டார்கள். தென் அமெரிக்காவின் இன்கா பேரரசு இன்னும் பெரிய சான்று: 1532இல் ஸ்பானியர்கள் படையெடுத்து வந்தபோது ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகச் சாலைகளும் களஞ்சியங்களும் நிரம்பிய ஒரு பேரரசு நாணயமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. மக்கள் வரியை உழைப்பாகக் கட்டினார்கள். கணக்கெல்லாம் கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் இருந்தது.

ஆக, முடியுமா என்று கேட்டால் முடியும். ஆனால் அந்தப் பேரரசில் யார் எங்கே உழைக்க வேண்டும் என்பதை அரசு சொன்னது. ஊர் ஊராக மக்களைப் பெயர்த்து வேறு இடத்தில் குடியேற்றியது. பணம் செய்யும் வேலையை அங்கே கட்டளை செய்தது, அவ்வளவுதான்.

கம்போடியாவை நீங்கள் எப்போதும் விட்டுவிடுகிறீர்கள். 1975இல் அங்கே ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் பணத்தை ஒழித்தது, தலைநகர் நாம்பென்னில் இருந்த தேசிய வங்கியின் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தது. நான்கு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு. பணம் இல்லாததால்தான் அத்தனை சாவு என்று நான் சொல்லவில்லை, கொன்றது அந்த ஆட்சி. ஆனால் பொதுச் சமையலறையில் அளந்து ஊற்றிய கஞ்சிக்கு வெளியே ஒருவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் உணவு தேடிக்கொள்ளும் வழி முழுவதும் அடைபட்டுப் போனதில் பணத்தை ஒழித்ததற்குப் பெரிய பங்கு உண்டு. பணம் எவ்வளவோ கொடுமைகளுக்குக் கருவியாக இருந்திருக்கிறது, சரி, ஆனால் அதைக் கொடுப்பவரின் சாதி என்ன, கட்சி என்ன, தலைவருக்கு அவரைப் பிடிக்குமா என்று அது கேட்பதில்லை. இதை ஒதுக்கிவைத்துவிட்டு என்னால் யோசிக்க முடியவில்லை.

"நாங்கள் சொல்வது கட்டளை அல்ல, பகிர்வு" என்பீர்கள். சிறிய அளவில் பகிர்வு நடக்கும், மறுக்கவே இல்லை. இன்றைய இஸ்ரேலில் 1910இல் தொடங்கிய தெகானியா என்ற கிப்புட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு, உள்ளே சமமாகப் பகிர்ந்துகொண்டுதான் பல தலைமுறை வாழ்ந்தது. அதுவும் வெளியுலகத்தோடு பணத்தில்தான் வாங்கி விற்றது, 2007இல் உறுப்பினர்களே வாக்களித்து அந்தப் பழைய முறையைக் கைவிட்டார்கள். ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறிந்தவர்கள் நடத்தும் முறையை முகமே தெரியாத கோடிப் பேருக்கு எப்படி நீட்டுவது என்பதற்கு உங்களிடமிருந்து இதுவரை எனக்குப் பதில் வரவில்லை.

இங்கே நீங்கள் அவசியம் படிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இன்று ஃபீடிங் அமெரிக்கா என்று அழைக்கப்படும் அமைப்பு, நன்கொடையாக வரும் உணவை நாடெங்கும் உள்ள உணவு வங்கிகளுக்கு அனுப்புகிறது. இலவசம், லாப நோக்கம் இல்லை. முன்பெல்லாம் மையத்தில் இருந்தவர்கள் வரிசைப்படி பிரித்து அனுப்பினார்கள். ஏற்கெனவே உருளைக்கிழங்கு குவிந்து கிடக்கும் இடத்துக்கு இன்னும் உருளைக்கிழங்கு போகும், வேறொரு இடம் வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் எங்கே எது எவ்வளவு தேவை என்பது மையத்தில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. 2005இல் பொருளாதார அறிஞர்களின் உதவியோடு அவர்கள் ஒரு போலிப் பணத்தை உருவாக்கினார்கள். அதைக்கொண்டு உணவு வங்கிகள் தங்களுக்கு வேண்டியதை ஏலம் கேட்கலாம். அதிக ஏழைகளுக்கு உணவளிக்கும் வங்கிக்கு அந்தப் பணம் அதிகம் கிடைக்கும். ஒருவர் செலவழித்தது சுற்றி மறுபடி எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கப்படும். இந்த யோசனையை முதலில் கடுமையாக எதிர்த்தவர்களில் தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட உணவு வங்கி நிர்வாகி ஒருவரும் இருந்தார். ஆனால் முறை வேலை செய்தது, உணவு தேவைப்பட்ட இடத்துக்குப் போனது.

தேவையைச் சொல்லும் அளவுகோலாகப் பணம் இருப்பது வேறு, அது குவிந்து ஒருவர் இன்னொருவரை ஆட்டிவைக்கும் அதிகாரமாக மாறுவது வேறு. முதலாவதை வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அந்த உணவு வங்கிகளே சாட்சி. அளவுகோலையே உடைத்துப்போட்டால் மக்கள் வேறொன்றை உருவாக்கிக்கொள்வார்கள். 1970இல் அயர்லாந்தில் வங்கிகள் ஆறு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்தபோது ஜனங்கள் காசோலைகளையே கைமாற்றிக் காலம் தள்ளினார்கள், மதுக்கடைக்காரர்களும் கடைக்காரர்களும் தங்களுக்குத் தெரிந்தவர்களின் காசோலைகளை ஏற்றுக்கொண்டார்கள். அதைப் பணமில்லா வாழ்க்கை என்று உங்களில் சிலர் எடுத்துக்காட்டுகிறீர்கள், ஆனால் அங்கே மக்கள் தாங்களே பணம் உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் நடந்தது.

அதனால் உங்கள் உழைப்பை வேறு பக்கம் திருப்பும்படி கேட்கிறேன். எந்தெந்தப் பொருள்களைப் பணத்தின் பிடியிலிருந்து வெளியே எடுக்க முடியும் என்று பாருங்கள். ரத்தத்தை விலை கொடுத்து வாங்காமல் தன்னார்வலர்களிடமிருந்து பெற வேண்டும் என்று உலக சுகாதார சபை 1975இல் தீர்மானம் போட்டது, எத்தனையோ நாடுகள் அப்படியே நடத்துகின்றன. பிரிட்டன் 1948இலிருந்து மருத்துவரைப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே வரி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் மட்டும் அதை நிற்க விடவில்லை.

மருந்து, குடிநீர், பள்ளிக்கூடம், தலைக்கு மேல் ஒரு கூரை. இவற்றில் எதை முதலில் வெளியே எடுப்பது, அதற்கான செலவை யார் தலையில் எப்படி வைப்பது, பற்றாக்குறை வந்தால் யார் முடிவெடுப்பது, அந்த முடிவை எதிர்த்து முறையிட எங்கே போவது என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். பேசியதை எழுதி வெளியிடுங்கள். மருந்திலிருந்து தொடங்கலாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் நானும் வந்து உங்களோடு வேலை செய்யத் தயார்.